அலுமினியத் தாளில் ஒரு புள்ளிமான்: வீட்டிலேயே கல்லச்சு

திருகோணமலை நகருக்குள் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கும் புள்ளிமானைக் கண்டு மனம் நொந்தவர்கள், அக்காட்சியை, கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுக்கும் கல்லச்சில் (லித்தோகிராபி) பதித்து நாலு பேர் சுவருக்குக் கொண்டுபோகலாம்.

அலோய்ஸ் செனெஃபெல்டர் 1796 அளவில் பவேரியாவில் உருவாக்கிய இக்கலைக்கு, எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றையொன்று ஏற்பதில்லை என்பதே அடிப்படை. அதற்குரிய சுண்ணக்கல்லும் அழுத்தப் பொறியும் எல்லோருக்கும் வாய்க்காது என்பதால், சமையலறை அலுமினியத் தாளைக் கல்லாகக் கொள்வோம்.

தாளின் மங்கலான பக்கம் வெளியே தெரியுமாறு, அதைத் தட்டையான பழைய பிளாஸ்டிக் பலகையொன்றில் கசங்காமல் சுற்ற வேண்டும். பரப்பில் விரல் படவே கூடாது. என் முதல் அச்சில், மானின் மூக்கருகே என் பெருவிரல் ரேகை மானைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. எண்ணெய்ப் பாஸ்டலாலோ காய்ந்த சலவைச் சவர்க்காரத் துண்டாலோ வரையலாம். அச்சில் படம் இடம் வலமாக மாறும்: டச்சுக்குடாக் கரையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு இடப்புறம் தெரியும் கோணேசர் மலையை, தாளில் வலப்புறம் வரைந்தால்தான் சரியாக வரும். திருகோணமலைக்கு அருகே கடலிலுள்ள புறாத்தீவின் பவளத்தை வரைபவர் புகைப்படத்தைப் பார்த்து வரையட்டும். 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அவ்விடத்திலிருந்து செத்த பவளத்துண்டைக்கூட எடுத்து வரலாகாது. படத்தின் கீழே "காப்பாற்றுவோம்" என்று எழுதவும் தேவையில்லை. மானின் வாயில் தொங்கும் பையே போதும்.

வரைந்தபின் கோலா பானத்தைத் தாள் முழுவதும் ஓடவிட்டு, நீரால் கழுவுங்கள். பானத்திலுள்ள பொஸ்போரிக் அமிலம், வரையாத இடங்களை நீர் பிடிக்கும் பரப்பாக்குகிறது. அடுத்து மரக்கறி எண்ணெய் தோய்த்த துணியால் கோடுகளைத் துடைக்கும்போது படமே மறைந்துவிடும். பதற வேண்டாம், பசை தங்கிவிட்டது. ஈரப் பஞ்சால் பரப்பை நனைத்து, எண்ணெய் அடிப்படையிலான அச்சு மையை உருளையால் மெல்லத் தடவுங்கள். நீரில் கரையும் மை இதற்கு உதவாது. நனைப்பதும் மையிடுவதும் மாறி மாறி நடக்க, மறைந்த மான் கொம்பிலிருந்து கறுத்துத் திரும்பி வரும். பரப்பு காய்ந்தால் எங்கும் மை ஒட்டிவிடும் என்பதால் பஞ்சைக் கீழே வைக்காதீர்கள்.

வழுவழுப்பான மெல்லிய காகிதத்தை மேலே விரித்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை தேயுங்கள். அலுமினியத் தாள் விரைவில் கிழியுமாதலால் ஒரு வரைவிலிருந்து சில பிரதிகளே கிடைக்கும்.

உருளையைத் தேர்ப்பன்டைன் இன்றி மரக்கறி எண்ணெயாலேயே துடைத்துவிடலாம். மை படிந்த துணியை மட்டும் வடிகாலில் அலசாதீர்கள். நம் ஊர் வடிகால் போய்ச் சேர்வது கடலில்.