‘ரெண்டு நிமிஷம்தானே ஆச்சு’ என்று மனதை நம்பலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் போன வாரம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “வெச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே” என்றார் அக்கா. அப்போது அவர் சீட்டுக் கணக்கை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்: யார் கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி. கருகல் வாடை வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது சரியில்லை.

நேரம் போவதை உணரவும் கவனம் வேண்டும், கூட்டல் போடவும் அதே கவனம்தான் வேண்டும். டான் ஸகாய், ரிச்சர்ட் பிளாக் என்ற உளவியலாளர்கள் இதை ஒரு கதவாக விளக்கினார்கள். மனதுக்குள் கடிகாரத்தின் ‘டிக் டிக்’ போலத் துடிப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். கவனம் வேறு பக்கம் போனால் கதவு ஒடுங்கி, குறைவான துடிப்புகளே எண்ணிக்கையில் சேரும். அதனால் ‘ஐந்து நிமிடம் ஆகிவிட்டது’ என்று தோன்றும்போது கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருக்கும். எனவே யோசிக்க வைக்கும் வேலை கையில் இருந்தால் மனக்கணக்கில் நேரம் பார்க்காதீர்கள். செல்போனில் அலாரம் வையுங்கள். கைப்பழக்கத்தில் தானாக நடக்கும் கீரை ஆய்வது போன்ற வேலைகள் இந்த அளவுக்குக் குழப்பாது.

இன்னொரு தவறு, எப்போதும் இப்படித்தான் என்று நினைப்பது. நேரத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று முன்பே தெரியாமல், வேலை முடிந்த பிறகு ‘எவ்வளவு நேரம் ஆனது?’ என்று கேட்டால், முடிவு தலைகீழாகப் போகிறது. 117 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளிவந்த ஆய்வு சொல்வது இதைத்தான்: மூளைக்கு வேலை கூடினால், நேரத்தைக் கேட்பார்கள் என்று முன்பே தெரிந்தவர்களுக்கு நேரம் குறைவாகத் தோன்றும், பிறகு நினைவிலிருந்து சொல்பவர்களுக்கு நீளமாகத் தோன்றும். புதுச்சேரியில் அலுவலக வேலை முடிந்து கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து, ‘அந்த ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு நேரம் ஆச்சு’ என்று நினைவிலிருந்து எழுதாதீர்கள். வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அப்போதைக்கப்போது குறியுங்கள்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டே நேரத்தையும் மனதில் ஓட்டினால் நேரம் மட்டுமல்ல, கணக்கும் தவறும். சோதனைகளில் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன. எந்தக் கேள்வி எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்று முதலிலேயே வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.