துண்டுக்கடியில் ஒரு பேரம்: கறுப்பு வெள்ளைப் படத்தைக் கிராப் செய்து தேற்றுவது எப்படி?

கறுப்பு வெள்ளைப் படம் சுமாராக வந்துவிட்டால் பலரும் உடனே கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை) ஏற்றுகிறார்கள். வானம் வெளுக்கும், நிழல் கரியாகும், படம் மட்டும் தேறாது. பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும்: தேவையற்ற ஏதோ ஒன்று சட்டகத்துக்குள் நின்றுகொண்டு கண்ணை இழுக்கும். எடுத்தவருக்கு அது எளிதில் புலப்படாது. சந்தையின் புழுதியும் சத்தமும் அவர் நினைவில் கூடவே ஓடுகின்றன. பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு செவ்வகம்தான். ஆகவே கிராப் செய்வதற்கு, அதாவது ஓரங்களை வெட்டுவதற்கு, முன்பே பிறரிடம் காட்டிவிடுங்கள் என்பது என் கட்சி. வெட்டி முடித்தபின் காட்டினால் பாராட்டு கிடைக்கும், உதவி கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணபுரத்தில், சித்திரைத் தேர்த்திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். அங்கே கைபேசியில் எடுத்த படம் இது. தரகரும் வாங்க வந்தவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரின் கைகளும் ஒரு பச்சைத் துண்டுக்கடியில். விரலைப் பிடித்தே விலை பேசுவதால் பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. பின்னால் ஒரு காங்கேயம் காளை, இடது ஓரத்தில் பாதி வெள்ளை டெம்போ, மேலே நிறைய வெறும் வானம், வலது கீழ் மூலையில் யாரோ ஒருவரின் முழங்கை.

படி 1: பிரதி எடுங்கள்

வண்ணத்தில் எடுத்த மூலக்கோப்பைத் தொடாதீர்கள். பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். படங்களைத் திருத்த உதவும் ஸ்னாப்சீட், கிம்ப், டார்க்டேபிள் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். இந்த வேலைக்கு எது இருந்தாலும் போதும்.

படி 2: நிறத்தைச் சாம்பலாக்குங்கள்

இங்கே நம் ஊர் மண் ஒரு சோதனை வைக்கும். செம்மண்ணும் பச்சைத் துண்டும் வண்ணத்தில் பளிச்சென்று பிரிந்து தெரிகின்றன. நிறத்தை வெறுமனே நீக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, துண்டு மண்ணுக்குள் மறைந்துவிடும். ஸ்னாப்சீட்டின் கறுப்பு வெள்ளைக் கருவியில் வண்ண வடிகட்டிகள் இருக்கின்றன. சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் செம்மண் வெளுக்கும், பச்சைத் துண்டும் நீல வானமும் கருக்கும். காளைக்குக் கவலையில்லை. காங்கேயம் காளை பிறவியில் செவலைக் கன்றாக இருந்தாலும் வளர வளரச் சாம்பலாகி, திமிலும் கழுத்தும் கருத்துவிடும். கறுப்பு வெள்ளைக்கென்றே பிறந்த மாடு!

படி 3: வாயை மூடிக்கொண்டு காட்டுங்கள்

மூன்று வகை ஆட்களைப் பிடியுங்கள்: படம் எடுக்கத் தெரிந்தவர், படத்தில் உள்ள பொருளைத் தெரிந்தவர், இரண்டும் தெரியாதவர். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நிழல் பகுதிகள் குழம்பிவிடும்.

படத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. “நன்றாக இருக்கிறதா?” என்றும் கேட்காதீர்கள். கொங்கு நாட்டில் அதற்கு ஒரே பதில்தான், “நன்றாக இருக்கிறதுங்க.” மரியாதை கருதி வேறு சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: முதலில் எதைப் பார்த்தீர்கள்? அடுத்து எங்கே போனீர்கள்? எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே வந்தீர்கள்? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

நம் படத்துக்கு வரக்கூடிய பதில்களைப் பாருங்கள். படம் எடுக்கும் நண்பர், “டெம்போவை நீக்கிச் சதுரமாக வெட்டு” என்பார். ஒன்றும் தெரியாதவர், டெம்போவில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார். மாடு வளர்க்கும் பெரியவர், “தம்பி, காளையின் கால்களே தெரியவில்லையே, இதை வைத்து எப்படி மதிப்புச் சொல்வது?” என்பார்.

முதல் இருவரும் வெவ்வேறு வார்த்தையில் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்: இடது ஓரம். அந்த இடத்தை நம்புங்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியம் கட்டாயமில்லை. சதுரமா நீள்சதுரமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். பெரியவர் சொன்னது வேறு வகை. அவர் பார்ப்பது காளையின் படம், நீங்கள் எடுத்தது பேரத்தின் படம். இந்தப் படம் எதைப் பற்றியது என்ற கேள்வியை அவர்தான் உங்களைக் கேட்க வைக்கிறார்.

படி 4: வெட்டுங்கள்

முதலில் சாய்வை நிமிர்த்துங்கள். சுழற்றும்போதே மூலைகள் கொஞ்சம் போய்விடும். பிறகு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகத் திருப்பியும் திரையின்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். விரல் பட்டு எதுவும் மாறாது என்பதால் அவசர முடிவு எடுக்க மாட்டீர்கள்.

துண்டை மட்டும் நெருங்கி வெட்டலாமா? சந்தைப் பழக்கம் தெரிந்தவருக்குப் புரியும். மற்றவருக்கு அது ஏதோ துணி. இந்தப் படத்தின் ருசியே, கீழே விரல்கள் தொகை பேசும்போது மேலே இரண்டு முகங்களும் ஒன்றும் நடக்காததுபோல் வேறெங்கோ பார்ப்பதில்தான் இருக்கிறது. ஆகவே முகங்கள் வேண்டும், துண்டு வேண்டும், காளையின் தலையும் திமிலும் வேண்டும். டெம்போ, முழங்கை, வானத்தில் பெரும்பகுதி போகலாம். 4:5 விகிதத்தில் நெட்டுவாக்காக வெட்டினால் இத்தனையும் அடங்கும்.

விளிம்புகளைச் சுற்றிவந்து பாருங்கள். மணிக்கட்டு, முழங்கால் போன்ற மூட்டுகளில் வெட்டு விழுந்தால் ஊனம்போல் தெரியும். மூட்டுக்குச் சற்று மேலோ கீழோ நகர்த்துங்கள். கொம்பு முழுதாக இருக்கட்டும், நுனி விளிம்பைத் தொட வேண்டாம்.

கிராப் செய்வதே தப்பு என்று சிலர் சொல்வார்கள். உலகமெங்கும் சுவரிலும் சட்டையிலும் காணும் புரட்சியாளர் சே குவேராவின் முகம், கியூபப் புகைப்படக்காரர் ஆல்பெர்ட்டோ கோர்டா 1960-இல் ஹவானாவில் எடுத்தது. மூலத்தில் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் முகமும் மறுபக்கம் மர ஓலைகளும் இருந்தன. இரண்டையும் வெட்டிய பிறகு கிடைத்த படத்தைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

படி 5: வெளிச்சத்தை மறுபடி பாருங்கள்

வெள்ளை டெம்போதான் படத்தின் மிக வெளிச்சமான பகுதியாக இருந்தது. அது போனதும் மிச்சமெல்லாம் நடுச்சாம்பலாகத் தெரியும். கான்ட்ராஸ்டைத் தொட வேண்டிய நேரம் இதுதான். வேட்டியின் வெண்மையில் மடிப்புகள் அழியாத அளவுக்கு ஏற்றுங்கள். ஓரங்களைச் சிறிது கருக்கலாம்; பார்ப்பவர் கண்டுபிடிக்கும் அளவுக்கு வேண்டாம்.

படி 6: புதியவரிடம் காட்டுங்கள்

முன்பு பார்த்தவர்கள் டெம்போவைத் தேடுவார்கள். புதிதாக ஒருவரிடம் அதே மூன்று கேள்விகள். அவர் முகத்திலிருந்து துண்டுக்கும் துண்டிலிருந்து காளைக்கும் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அச்சிடுவதற்கு முன் ஒரு கணக்கு. 4000 × 3000 பிக்சல் படத்தில் 1800 × 2250 மிஞ்சியிருந்தால், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 6 × 7.5 அங்குலத்துக்குத் தெளிவாக வரும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மெல்ல மங்கும். பெரியவருக்கும் ஒரு பிரதி கொடுக்க நினைத்தால், அவருக்காகக் காளை முழுதாக நிற்கும் வேறொரு படத்தைத் தேடி எடுங்கள். இந்தப் படத்தின் மூலத்திலும் அதன் கால்கள் இல்லை.