பைக்ல ஆயில் லெவல் பாக்குறதும், கசிவு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதும்

பைக் நிறுத்துன எடத்துல தரையில கருப்பா ஒரு பொட்டு விழுந்திருந்தா, உடனே ஸ்பேனரை எடுத்து இன்ஜினுக்கு அடியில இருக்குற போல்ட்டை எல்லாம் இறுக்க ஆரம்பிச்சிடுவாங்க நிறைய பேர். அது வேணாம். ஆயில் சொட்டுற எடம் வேற, அது கசிஞ்சு வெளிய வர்ற எடம் வேற, ரெண்டும் ஒண்ணா இருக்குறது கம்மி தான். அதனால எதையும் கழட்டாம, எதையும் இறுக்காம, முதல்ல ஆயில் லெவலை ஒழுங்கா பாத்துட்டு அப்புறம் கசிவைத் தேடிப் போவோம்.

நூல் பிரியாத சுத்தமான துணி, டார்ச், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குற திரவம்) இல்லன்னா மண்ணெண்ணெய், டால்கம் பவுடர், ஒரு பெரிய அட்டை, இவ்ளோ தான் சாமான். கூடவே உங்க பைக்கோட ஓனர் மேனுவல். அதை யாரும் தொறக்குறது இல்லன்னு தெரியும், ஆனா இந்த வேலைக்கு அதுல ரெண்டு பக்கம் படிச்சே ஆகணும்.

ஸ்டெப் 1: லெவல் பாக்குறது

பைக்கை சமமான தரையில நேரா நிறுத்துங்க. சைடு ஸ்டாண்ட்ல சாஞ்சு நிக்குற பைக்ல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும், அப்ப பாக்குற லெவலை நம்பவே கூடாது. சென்டர் ஸ்டாண்ட் இருந்தா நல்லது, இல்லன்னா கூட ஒருத்தரை நிமித்திப் புடிச்சுக்கச் சொல்லுங்க.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஒரு 3 லிருந்து 5 நிமிஷம் ஐடிலிங்ல ஓட விடுங்க, காத்தோட்டமான எடத்துல, மூடுன ஷெட்டுக்குள்ள வேணாம், புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கவுத்துடும். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு ஒரு 2, 3 நிமிஷம் சும்மா இருங்க. ஓடும்போது ஆயில் இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டு வரைக்கும் ஏறி இருக்கும், அதெல்லாம் வடிஞ்சு கீழ வந்தா தான் உண்மையான லெவல் தெரியும். இந்த நேரமெல்லாம் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், மேனுவல்ல வேற மாதிரி போட்டிருந்தா அது தான் சரி.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) இருக்குற பைக்கா இருந்தா அதைக் கழட்டி நல்லா தொடச்சுட்டு திரும்ப உள்ள விட்டு எடுங்க. இங்க தான் ஒரு குழப்பம். நிறைய பைக்குல டிப்ஸ்டிக்கைத் திருகாம மரை மேல சும்மா உக்கார வெச்சு பாக்கணும், சில பைக்குல முழுசா திருகிட்டு பாக்கணும். மாத்திப் பண்ணா மரையோட நீளத்துக்கு லெவல் தப்பா காட்டும், அந்த வித்தியாசமே ஆயில் கம்மியா இருக்குற மாதிரியோ அதிகமா இருக்குற மாதிரியோ ஏமாத்தப் போதும். வெளிய எடுத்ததும் குச்சியை வெளிச்சத்துல லேசா சாச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஆயில் மேல வரைக்கும் தீத்தின மாதிரி இருக்கும், அது உள்ள போகும்போது ஓட்டையோட சுவத்துல உரசினது. இன்னொரு பக்கம் கோடு போட்ட மாதிரி தெளிவா நிக்கும், அது தான் கணக்கு. சந்தேகம் இருந்தா தொடச்சுட்டு மறுபடி ஒரு தடவை.

டிப்ஸ்டிக் இல்லாம இன்ஜின் பக்கவாட்டுல கண்ணாடி வெச்ச பைக்கா இருந்தா வேலை ஈஸி, கண்ணை அதே உயரத்துக்குக் கொண்டு போய் மேல் கோடு கீழ் கோடு ரெண்டுக்கும் நடுவுல ஆயில் நிக்குதான்னு பாத்தா போதும். கண்ணாடி முழுக்க ஒரே கலரா இருந்தா நிரம்பி இருக்கா காலியான்னு தெரியாது, அப்ப பைக்கை லேசா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாச்சா ஆயிலோட விளிம்பு நகர்றது தெரியும். சில பைக்குல ஆயில் இன்ஜினுக்கு அடியில நிக்காம தனி டேங்க்ல இருக்கும், டிரை சம்ப்னு சொல்லுவாங்க, அதுக்கு லெவல் பாக்குற முறையே வேற, மேனுவலைப் பாக்காம கை வைக்காதீங்க.

லெவல் கம்மியா இருந்தா 50 மில்லி, 50 மில்லியா ஊத்தி ஒவ்வொரு தடவையும் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டி ஊத்துனா நல்லதுன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, அது ரொம்பத் தப்பு. அதிகமான ஆயிலை கிராங்க் (இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டு) அடிச்சு நுரையாக்கிடும், உள்ள பிரஷர் ஏறும், பிரீதர் ஹோஸ் (அந்த பிரஷரை வெளிய விடுற குழாய்) வழியா ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குள்ள ஆயில் போயிடும், நல்லா இருந்த சீல் (ஆயில் வெளிய வராம அடைக்கிற வளையம்) கூட கசிய ஆரம்பிக்கும். கசிவுன்னு வர்ற பைக்குல பல சமயம் கசிவுக்குக் காரணமே ஓவரா ஊத்துன ஆயில் தான்.

என்ன ஆயில்னா மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அது, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 இந்த மாதிரி. பெரும்பாலான பைக்குல இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில் தான், கிளட்ச் பிளேட்டே ஆயில்ல ஊறிட்டு இருக்கும். அதனால காருக்குன்னு விக்கிற ஆயிலை ஊத்துனா அதுல இருக்குற வழவழப்பு கூட்டுற மருந்தால கிளட்ச் வழுக்க வாய்ப்பு இருக்கு. கேன்ல ஜாசோ எம்ஏ (JASO MA) இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஆயில்ல ஊறுற கிளட்சுக்கு ஏத்ததுன்னு காட்டுற குறி அது.

டிப்ஸ்டிக் கையில இருக்கும்போதே ஆயிலையும் ஒரு பார்வை பாத்துடுங்க. கருப்பா இருக்குறது பிரச்சனை இல்ல, ஓடுன ஆயில் கருக்கத் தான் செய்யும். பால் கலந்த காபி மாதிரி வெளுத்து இருந்தா தண்ணியோ கூலன்ட்டோ கலந்திருக்கு. பெட்ரோல் வாடை வந்து, ஊத்தாமலே லெவல் ஏறி இருந்தா கார்புரேட்டர்லருந்து பெட்ரோல் உள்ள இறங்குது, அந்த பைக்கை சரி பண்ணாம ஓட்டாதீங்க.

இன்னொண்ணு. மீட்டர்ல வர்ற சிவப்பு ஆயில் லைட்டு பல பைக்குல பிரஷருக்கான லைட்டு, லெவலுக்கு இல்ல. லைட்டு வரலையேன்னு லெவல் பாக்காம இருக்கக் கூடாது, ஓடும்போது லைட்டு வந்துடுச்சுன்னா அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்னு நெனைக்கவும் கூடாது, அங்கேயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க.

ஸ்டெப் 2: அது இன்ஜின் ஆயில் தானா?

ராத்திரி பைக்குக்கு அடியில அட்டையைப் போட்டு, முன் சக்கரம் எங்க, பின் சக்கரம் எங்கன்னு பேனாவுல குறிச்சு விடுங்க. காலையில பொட்டு எங்க விழுந்திருக்கு, என்ன கலர்னு பாத்தா பாதி விஷயம் தெரிஞ்சிடும். பழுப்பா கருப்பா வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில். பச்சை, நீலம், பிங்க்குன்னு கலரா தண்ணி மாதிரி இருந்தா கூலன்ட். முன் சக்கரத்துக்கு பக்கத்துல சொட்டியிருந்து ஃபோர்க் ராடுல ஈர வளையம் தெரிஞ்சா அது ஃபோர்க் ஆயில், வழிஞ்சு பிரேக் மேல விழுறதுக்கு முன்னாடி சீல் மாத்தணும். செயின் பக்கம் கருப்பா பிசுபிசுன்னு ஒட்டுதுன்னா பெரும்பாலும் செயின் லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய்) தெறிச்சது தான், லூப் அடிச்ச மறுநாள் பயப்படாதீங்க.

சமீபத்துல தான் ஆயிலும் ஃபில்டரும் மாத்துனீங்கன்னா அப்ப சிந்துன ஆயில் ஏதாவது இடுக்குல தங்கி கொஞ்ச நாளைக்கு சொட்டிட்டே இருக்கும், அது கசிவே இல்ல. லெவல் குறையுது ஆனா அட்டையில ஒரு பொட்டு கூட இல்லையா? சைலன்சர்ல நீலமா புகை வருதான்னு பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் மட்டும் வந்தா வால்வு சீலைச் சந்தேகப்படலாம், ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங்.

ஸ்டெப் 3: கழுவு, பவுடர் போடு, ஓட்டு

இது தான் முக்கியமான ஸ்டெப், இதைத் தான் எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க. இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம் டிகிரீசர் போட்டு பிரஷால தேச்சு இன்ஜினை முழுசா சுத்தம் பண்ணுங்க, ஃபின் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தகடுகள்) இடுக்கு, கவர் ஓரம், அடிப்பக்கம் எல்லாம். பிரேக் டிஸ்க், பேடு, டயர் மேல மட்டும் படக் கூடாது. மண்ணெண்ணெய் யூஸ் பண்ணா நல்லா தொடச்சு முழுசா காஞ்சதுக்கு அப்புறம் தான் ஸ்டார்ட் பண்ணணும், சூடான சைலன்சர்ல பட்டா பத்திக்கும்.

காஞ்சதும் சந்தேகப்படுற பக்கத்துல கவர் சேர்ற ஓரங்கள்ல பவுடரை மெல்லிசா தூவுங்க, ஏர் ஃபில்டர் பக்கம் போகாம பாத்துக்கோங்க. ஒரு 10, 15 நிமிஷம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளையா இருந்த எடத்துல கேஸ்கெட் (ரெண்டு பாகம் சேர்ற எடத்துல வைக்கிற அடைப்பு) கோட்டை ஒட்டி பழுப்பா ஒரு ஈரக்கோடு ஊறி நிக்கும், அதுக்குக் கீழ பவுடரைக் கரைச்சுட்டு ஓடுன தடமும் தெரியும். அந்தத் தடத்தைப் புடிச்சுட்டு மேல போங்க. ஆயில் எப்பவும் கீழ தான் இறங்கும், ஓடும்போது காத்து அதைப் பின்னாடி தள்ளும், அதனால ஈரம் இருக்குறதுலயே உயரமான, முன்பக்கமான எடம் தான் குற்றவாளி. ஹெட்டு கவர்ல கசிஞ்ச ஆயில் ஃபின் வழியா இறங்கி, கவரைச் சுத்தி, அடியில ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டு நுனியில தொங்கும், நாம பாவம் அந்த போல்ட்டைத் திட்டிட்டு இருப்போம். ஒண்ணும் தெரியலன்னா இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டிப் பாருங்க, சில கசிவு நல்லா சூடேறினா தான் வரும்.

ஸ்டெப் 4: வழக்கமா கசியுற எடங்கள்

டிரெயின் போல்ட்டுல கசிஞ்சா முக்கால்வாசி நேரம் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பாங்க. நசுங்கி அடைக்கிற வாஷர் அது, ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதுசு போடுறது தான் சரி. வாஷர் போனதுக்கு போல்ட்டை முறுக்கு முறுக்குன்னு முறுக்குனா அலுமினியம் கேஸ்ல மரை போயிடும், அப்புறம் செலவு வேற லெவல். எவ்ளோ இறுக்கணும்னு மேனுவல்ல டார்க் அளவு இருக்கும், டார்க் ரெஞ்ச் இருந்தா அதுக்கு மேல போகாதீங்க.

ஆயில் ஃபில்டர் மூடி, டிப்ஸ்டிக் ரெண்டுலயும் ரப்பர் ஓ-ரிங் இருக்கும், அது தட்டையாகி காஞ்சு போயிருந்தா மாத்திடுங்க, இது வீட்லயே பண்ற வேலை. ஹெட்டுல இருக்குற டேப்பெட் கவர் கேஸ்கெட்டும் கொஞ்சம் கை பழகினா நீங்களே போடலாம். கிளட்ச் கவர், மேக்னெட் கவர் (கரண்ட் தயாரிக்கிற பாகத்தோட மூடி) கேஸ்கெட்டுக்கு பழைய கேஸ்கெட் பேப்பரைக் கீறல் விழாம சுரண்டி எடுக்கணும், அதுக்குப் பொறுமை வேணும். மேக்னெட் கவர்ல ஒயர் வெளிய வர்ற எடத்துல ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும், பல பைக்குல கசிவு அது வழியா தான், ஆனா கேஸ்கெட் மேல பழி விழும்.

கியர் லீவர் ஷாஃப்ட்லயும் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயினை இழுக்குற பல் சக்கரம்) பின்னாடியும் ஆயில் சீல் இருக்கு. ஸ்ப்ராக்கெட் கவரைக் கழட்டி உள்ள இருக்குற கருப்புப் பிசுக்கைச் சுத்தம் பண்ணிட்டு ஓட்டிப் பாத்தா அது செயின் லூப்பா சீல் கசிவான்னு தெரியும்.

ஒரே நேரத்துல ரெண்டு மூணு எடத்துல கசிஞ்சா ஒவ்வொரு சீலா மாத்துறதுக்கு முன்னாடி பிரீதர் ஹோஸ் மடங்கியிருக்கா, அடைச்சிருக்கான்னு பாருங்க. உள்ள பிரஷர் வெளிய போக வழி இல்லன்னா அது கெடைச்ச ஓட்டையில எல்லாம் ஆயிலைத் தள்ளும்.

கசியுற எடத்து மேல வெளிப்பக்கமா சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி விடுறது எனக்குப் புடிக்காத வேலை. நிக்கவும் நிக்காது, உள்பக்கம் அதிகமா பிதுங்குனா துண்டு பிஞ்சு போய் ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெய்னரை அடைக்கும். மேனுவல்ல எங்க போடச் சொல்லியிருக்கோ அங்க மட்டும், மெல்லிசா.

ஸ்டெப் 5: ஓட்டலாமா, நிறுத்தணுமா?

கவர் ஓரத்துல ஈரமா தூசி ஒட்டியிருக்கு, சொட்டல, லெவலும் குறையலன்னா தாராளமா ஓட்டலாம், வாரத்துக்கு ஒரு தடவை லெவல் பாருங்க, அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம். சொட்டுது ஆனா மெதுவா தான்னா ஒவ்வொரு தடவை எடுக்குறதுக்கு முன்னாடியும் லெவல் பாத்துட்டு சீக்கிரமா சரி பண்ணுங்க. பின் டயர்லயோ பிரேக்லயோ ஆயில் பட்டிருந்தா, சூடான சைலன்சர் பைப்ல சொட்டுனா, இல்ல நிறுத்துன கொஞ்ச நேரத்துலயே குட்டை கட்டுனா அந்த வண்டியை எடுக்காதீங்க. வளைவுல ஆயில் டயர் எப்படி வழுக்கும்னு சொல்லத் தேவையில்ல.

ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், கேஸ் ரெண்டும் சேர்ற நடு ஜாயிண்ட் இதெல்லாம் இன்ஜினைப் பிரிக்கிற வேலை, மெக்கானிக் கிட்ட விட்டுடுங்க. போகும்போது பவுடர்ல தடம் தெரியுற ஃபோட்டோவைக் காட்டுங்க, இன்ஜினைக் கழுவிட்டுப் போயிட்டீங்கன்னா அவரும் முதல்லருந்து தேடணும். சீல் மாத்துனா பழசைக் கேட்டு வாங்கிப் பாருங்க, சீலோட உதடு (உள் விளிம்பு) கிழிஞ்சிருந்தா இல்ல கல்லு மாதிரி இறுகியிருந்தா சரியான எடத்துல தான் கை வெச்சிருக்காரு. பழைய சீல் நல்லாவே இருந்துச்சுன்னா திரும்பவும் கழுவி, பவுடர் போட்டு, ஓட்டிப் பாக்கணும்.