ஈபே ஏலத்தில் விற்ற பொருளை ஒப்படைப்பது எப்படி? பிரிட்டனில் புதிதாக விற்பவர்களுக்கு

கணக்குத் திறப்பது, படம் எடுத்துப் போடுவதெல்லாம் உங்களுக்கே வந்துவிடும். ஏலம் முடிந்தபின் பொருளை வாங்கியவர் கையில் சேர்ப்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். இதை ஏலம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஏலத்தில் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. தபால் செலவைக் குறைத்துப் போட்டிருந்தால், விற்ற காசு அதற்கே போய்விடும்.

1. கட்டிவிட்டு நிறுங்கள்

ராயல் மெயிலின் சிறிய பார்சல் 45 × 35 × 16 செ.மீ., 2 கிலோ வரை. பொருளை மட்டும் நிறுத்தால் 1.8 கிலோ இருக்கும். பெட்டியும் டேப்பும் சேர்ந்ததும் 2 கிலோவைத் தாண்டிவிடும். உடனே நடுத்தர பார்சல் கட்டணம். ஆகவே முழுசாகக் கட்டிவிட்டு எடையும் அளவும் எடுங்கள். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கும் லக்கேஜ் தராசு சின்னப் பொருளுக்குச் சரிவராது. அதற்குச் சமையலறைத் தராசுதான் நல்லது.

2. ட்ராக்கிங் இல்லாமல் அனுப்பாதீர்கள்

போஸ்ட் ஆபீஸில் இலவசமாகத் தரும் ரசீது, நீங்கள் அனுப்பியதற்குத்தான் சாட்சி. போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. "பொருள் வரவில்லை" என்று புகார் வந்தால் ஈபே பார்ப்பது ட்ராக்கிங்கை. நான் பெரும்பாலும் ராயல் மெயிலின் ட்ராக்கிங் உள்ள சேவையான ட்ராக்டு 48தான் எடுப்பேன். 450 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கும் சேவை வேண்டும்.

காசு கட்டியபின் "வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று மெசேஜ் வந்தால் சம்மதிக்காதீர்கள். ஆர்டரில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு. அந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டு, சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

3. நேரில் வந்து எடுப்பவர்கள்

வெட் கிரைண்டர், தையல் மெஷின், புத்தக அலமாரி போன்றவற்றை 'கலெக்‌ஷன் மட்டும்' என்றே போடுங்கள். கிரைண்டர் கல் வழியில் ஆடினால் டிரம்மை உடைத்துவிடும். கொண்டுபோகிறவருக்கும் கல்லைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். விளம்பரத்தில் ஊரும் போஸ்ட்கோடின் முதல் பாதியும் போதும், கதவு எண் வேண்டாம். மாடியில் இருக்கிறீர்களா, லிஃப்ட் உண்டா, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். புதிதாக விற்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாங்கியவர் ஈபே வழியாகக் காசு கட்டியிருந்தால், அவருடைய ஆர்டர் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடும் 6 இலக்க எண்ணும் இருக்கும். பொருளைக் கொடுக்கும்போது உங்கள் ஈபே ஆப்பில் அந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது எண்ணைப் பதியுங்கள். நேரில் கொடுத்த பொருளுக்கு ட்ராக்கிங் கிடையாது; அவர் எடுத்துப் போனதற்கு இந்தப் பதிவுதான் ஆதாரம். இது இல்லாமல் கொடுத்துவிட்டு, அவர் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினால், உங்களிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.

ஆள் பார்க்க நல்லவராகத் தெரிகிறார், வேன் வெளியே நிற்கிறது, மழை வேறு. அந்த நேரத்தில் கோடு கேட்கக் கூச்சமாக இருக்கும். அதனால் முந்தைய நாளே மெசேஜ் அனுப்பிவிடுங்கள்: "வரும்போது கோடைத் தயாராக வைத்திருங்கள், பார்த்துவிட்டுத்தான் பொருளைத் தருவேன்." ஈபே மெசேஜிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். தகராறு வந்தால் ஈபே தன் பக்கத்தில் உள்ளதைத்தான் பார்க்கும்.

பிற்சேர்க்கை: வாங்கியவர் தன் தம்பியையோ கூரியர்காரரையோ அனுப்பினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த 6 இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், வாங்கியவருக்கு அங்கேயே போன் போட்டு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். அது பதிவாகும் வரை பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.