ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கழற்றியபோது

என் பனிச்சறுக்கு ஹெல்மெட்டின் உள்மெத்தை வியர்வையில் ஊறி ஊறி நைந்துபோயிருந்தது. காதுப் பட்டையிலும் தையல் விட்டிருந்தது. மெத்தை வெல்க்ரோவில்தான் ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தெடுத்து, மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். பட்டையைத் தைத்தேன்.

அப்புறம் வெறும் ஹெல்மெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், வெள்ளைத் தெர்மோகோல் அடுக்கில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறந்து மூடியது. போன பருவத்தில் உறைந்த சரிவில் மல்லாந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. வெளி ஓட்டில் ஒரு கீறல்தான் இருந்தது, அதனால் அப்போது விட்டுவிட்டேன்.

பசை போட்டு ஒட்டலாமா? கூடாது. அந்த நுரை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. சில பசைகள் அதைக் கரைத்தே விடும்.

சரி, புதிதாகவே வாங்கினேன். உள்ளே இஎன் 1077 (பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். அளவு சரியா என்று பார்க்க, வாரை மாட்டாமல் தலையை ஆட்டினேன். நெற்றித் தோலும் ஹெல்மெட்டும் சேர்ந்தே நகர்ந்தன. பனிக்கண்ணாடியைப் போட்டும் நெற்றியில் இடைவெளி இல்லை.

பழையதன் வாரை வெட்டிவிட்டுத்தான் வெளியே போட்டேன். தெரியாமல் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.