இணைய வகுப்பின் தரத்தை மூன்றாம் வாரத்திலேயே பாருங்கள்

அடிப்படைக் கணக்குப்பதிவியலை இணையத்தில் எட்டு வார வகுப்பாக நடத்துகிறேன். ஓர் அணிக்கு 40 பேர். பாதிப் பேர் பகலெல்லாம் கடையில் பில் போட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் கைபேசியில் படிப்பவர்கள். முதல் அணியின் கடைசி நாளில் கருத்துப் படிவம் அனுப்பினேன். எல்லோரும் ‘மிக நன்று’ என்று குறித்திருந்தார்கள். ஆனால் அதை நிரப்பியவர்கள் இறுதிவரை தங்கிய 26 பேர்தான். பாதியில் நின்ற 14 பேரிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. வகுப்பின் உண்மையான குறைகள் அந்த 14 பேருக்குத்தான் தெரியும்.

அதனால் மதிப்பீட்டை முதல் நாளிலேயே தொடங்குங்கள். பத்து வினாக்களில் ஒரு முன்தேர்வு வையுங்கள். மதிப்பெண் கணக்கில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பற்று, வரவு ஏற்கெனவே தெரிந்து வந்தவர் இறுதித் தேர்வில் 90 வாங்கினால் அதில் உங்கள் பங்கு சிறிது. 15-இலிருந்து 60-க்கு வந்தவரைத்தான் வகுப்பு வளர்த்திருக்கிறது.

ஒவ்வொரு நேரலை வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தையும் ஒரு கேள்விக்கு ஒதுக்குங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்றே பதில் வரும்; மற்றவர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். ‘இன்றைய பாடத்தைத் தம்பிக்குச் சொல்லித்தரச் சொன்னால் எந்த இடத்தில் தடுமாறுவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பொருள்களின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கிடும் தேய்மானப் பாடத்தில், மீதமுள்ள மதிப்பின்மேல் விழுக்காடு போடும் குறைந்துசெல் மதிப்பு முறைதான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேற்பட்டோர் தடுமாறியது, ஆண்டின் நடுவில் வாங்கிய இயந்திரத்துக்கு எத்தனை மாதம் கணக்கிடுவது என்பதில்.

பதிவு செய்த காணொளிகளுக்கு, பார்வையாளர்கள் எங்கே விலகுகிறார்கள், எங்கே திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்ற வரைபடத்தைப் பாருங்கள். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளே கவனத்தை நன்றாகப் பிடித்து வைக்கின்றன என்றது. என் 40 நிமிடக் காணொளிகளைத் துண்டு துண்டாக வெட்ட அதுதான் காரணம்.

மூன்றாம் வாரத்தில் பெயர் இல்லாத படிவம் ஒன்று அனுப்புங்கள். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை மறக்காமல் நிறுத்துங்கள். எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விகள் போதும். மறுவாரமே வகுப்பில், ‘இதை மாற்றுகிறேன், இதை இந்தக் காரணத்தால் மாற்ற முடியாது’ என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த படிவத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இனி வினாத்தாள். ஆசிரியர்கள் மாணவரைத் திருத்துகிறோம், வினாக்களைத் திருத்துவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மொத்த மதிப்பெண்படி மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் பிரியுங்கள். 40 பேரில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் வருவார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் மேல் 11 பேரில் சரியாக எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து கீழ் 11 பேரின் எண்ணிக்கையைக் கழித்து, 11-ஆல் வகுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால், குறை பெரும்பாலும் வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கும்.

நம் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் எனக்கு அப்படி ஒரு வினா அகப்பட்டது. மேல் 11 பேரில் 4 பேர் சரி, கீழ் 11 பேரில் 6 பேர் சரி. ‘பற்றிருப்பு ரூ. 8,000’ என்று எழுதியிருந்தேன். எந்த ஏட்டின் இருப்பு என்று குறிப்பிடவில்லை. ரொக்க ஏட்டில் பற்றிருப்பு என்றால் வங்கியில் நம் பணம் இருக்கிறது. வங்கி அறிக்கையில் பற்றிருப்பு என்றால் மேல்வரைப்பற்று, அதாவது இருப்புக்கு மேல் எடுத்த கடன். நன்றாகப் படித்தவர்களே இரண்டாவது பொருளையும் யோசித்துக் குழம்பினார்கள். அந்த வினாவுக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்து, காரணத்தையும் விளக்கினேன். நியாயம் அதுதான்.

வகுப்பு முடிந்ததும் முதல் வேலை, நின்றுபோனவர்களைத் தொலைபேசியில் அழைப்பது. ‘ஏன் நின்றீர்கள்?’ என்றால் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். ‘கடைசியாக எந்தப் பாடத்தைப் பார்த்தீர்கள்?’ என்று தொடங்குங்கள். ‘டீச்சர், பேரேட்டு எண்கள் என் கைபேசியில் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன’ என்றார் ஒருவர். அகலத் திரையில் மூன்று ஏடுகளை அருகருகே வைத்து விளக்கியது நான்தான். நாற்பது முறை அந்தக் காணொளியைப் பார்த்திருந்தாலும் கணினியின் முன் இருந்த எனக்கு அது தெரிந்திருக்காது. இப்போது எந்தக் காணொளியையும் முதலில் கைபேசியில் பார்த்த பிறகே வெளியிடுகிறேன்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் கையாள்கிறார்களா, அதனால் பலன் விளைந்ததா. கருத்துப் படிவம் முதல் படி, இறுதித் தேர்வு இரண்டாம் படி. மூன்றாவதைப் பார்க்க, மூன்று மாதம் கழித்து ஒரு சிறு கணக்கை அனுப்புங்கள். கூடவே, கடையில் இப்போது எந்த ஏட்டை நீங்களே எழுதுகிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில்கள் குறைவாகத்தான் வரும். ஆனாலும் ‘இருப்பாய்வை (பற்று, வரவு மொத்தங்களைச் சரிபார்க்கும் பட்டியலை) நானே போடுகிறேன்’ என்ற ஒரு வரி, முதல் அணியின் 26 ‘மிக நன்று’களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் பாடவாரியாக எழுதி வையுங்கள். அடுத்த அணிக்குச் சேர்க்கை அறிவிக்கும் முன், அதிலிருந்து மூன்றே மூன்று குறைகளைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யுங்கள். என் நோட்டில் இப்போது முதலில் நிற்பது அந்த ஆண்டு நடு இயந்திரம்.