உடைந்த போல்ட், தேய்ந்த மரை

பழைய இன்ஜினில் போல்ட் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிட்டால் உடனே டிரில்லை எடுக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. அந்தச் சூடே துருப்பிடிப்பைத் தளர்த்திவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோலைத் தள்ளி வையுங்கள்.

மட்டத்தோடு முறிந்திருந்தால் மிகச் சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் (துளையிடும் இடத்தில் சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) அடித்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பாதியிலேயே தண்டு தானாகக் கழன்று வருவதுண்டு. நடு தவறினால் துளையின் பக்கவாட்டு மரை (திருகுப் பள்ளம்) போய்விடும். ஈஸி அவுட்டை (துளைக்குள் செருகி உடைந்த தண்டைத் திருப்பி எடுக்கும் கருவி) முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம். அது கடினமாக்கப்பட்ட எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண பிட் அதில் ஏறாது.

அலுமினியத்தில் மரை தேய்ந்துபோனால் ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடலாம். எம்8 × 1.25 மரைக்கு (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி) 8.3 மி.மீ. துளை. ஹெலிகாயில் கிட்டில் வரும் டேப்பையே (மரை வெட்டும் கருவி) பயன்படுத்துங்கள், சாதாரண எம்8 டேப் அளவில் சிறியது. அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் சீவல் அடைத்து டேப் ஒடியும். துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகு, சுருளை மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச்சுற்று கீழே நிறுத்தி, அடியிலுள்ள நாக்கை ஒடித்து எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் துளை என்றால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டே இந்த வேலையைச் செய்யுங்கள்.